மலைச்சாமிக்குக் குடுக்காத அனுமதி

இல்ல சார், ஒளிஞ்சு நின்னேன்னே எழுதிக்கோங்க. பொய் எதுக்கு? பேட்டரி ரூமுக்குள்ள தாப்பா போட்டு நின்னேன்.

மெஷினா? லினக்ஸ்ல ஓடுற கம்ப்யூட்டர் சார். எங்க சுருளிப்பட்டி திராட்சக் கிட்டங்கி கேமரா பூராம் அதுலதான் பதிவாகும். எதையும் அழிக்கிற அதிகாரம் எனக்கு மட்டுந்தான். சூடோன்னு ஒண்ணு இருக்கு, அத வச்சு ஆளுக்கு இன்ன வேலைன்னு அளந்து குடுக்கலாம். மலைச்சாமியண்ணே ஆபரேட்டர். கேமரா நின்னுபோனா திருப்பி ஓட்டலாம், அம்புட்டுத்தான் அவருக்கு. முழுசாக் குடு பவானின்னு கேட்டாக. வேணாம்ணே, கை தவறுனா எல்லாம் போயிரும்னேன்.

புதன்கிழம காலைல லோடுமேன் பாண்டியராஜன, கிட்டங்கிய நடத்துற கோட்டைச்சாமி வெட்டுனது நாலாம் நம்பர் கேமராவுல விழுந்துருச்சு. பாண்டியராஜன் ஆளுகளச் சேத்து சங்கம் வச்சான்ல, அந்த ஆத்திரம். கழுத்துல ரெண்டு. விழுந்த பெறகு மூஞ்சியில ஒண்ணு. பழப்பெட்டியெல்லாம் ரத்தம்.

அரை மணி நேரத்துல மூணு பேரோட திரும்பி வந்தான். பவானி எங்கலேன்னு கேட்டான். தேனிக்குப் போயிருக்குன்னு அண்ணே சொன்னாக. அப்ப நீ அழிடான்னு அண்ணே மண்டையப் புடிச்சு மேசையில மோதுனான். அவரும் தட்டுனாக. அனுமதி இல்லைன்னு திரையில வந்துச்சு. நடிக்கிறியாலேன்னு டிராயருக்குள்ள அவரு வலது கைய வச்சுச் சாத்துனானுக. எலும்பு நொறுங்குனது எனக்குக் கேட்டுச்சு சார். மறுபடி தட்டுனாக, மறுபடி அனுமதி இல்ல. கடேசியில மானிட்டரத் தூக்கி அவரு மூஞ்சியிலயே போட்டு ஒடச்சுட்டு, எல்லாம் அழிஞ்சதுன்னு போயிட்டானுக. மெஷின் என் கால்மாட்டுல ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

இந்தாங்க சார், லாக்கு, மெஷினோட பதிவேடு. யாரு, எப்ப, என்ன தட்டுனாகன்னு தானா எழுதிரும். அண்ணே பதினோரு தடவ தட்டிருக்காக. பின்னாடி எழுத்தெல்லாம் தப்புத் தப்பா இருக்கே, அது இடது கையில தட்டுனது.

நான் உள்ள இருக்கது அவருக்குத் தெரியும் சார். அவனுக ஜீப்பப் பாத்ததும் என்னய உள்ள தள்ளுனதே அவருதான். ஒரு வார்த்த சொல்லிருந்தா அவர விட்டுருப்பானுக. சொல்லலியே. ஒரு கண்ணு போச்சுன்னு பெரியாஸ்பத்திரில சொல்றாக.

வெட்டிருவான்னு பயமா? அதில்ல சார். அவன் மொகத்தப் பாத்துட்டா நானே அழிச்சுருவேன். அந்தப் பயந்தான்.

படம் இந்தப் பென் டிரைவுல இருக்கு. கோர்ட்டுலயும் சொல்றேன். கையெழுத்து எங்கன போடணும்?

அப்பா பேரா? சுருளியாண்டி.

ஆமா சார், அவனுக்கு எழுதுனீகளே, அதே சுருளியாண்டிதான். கோட்டைச்சாமி எனக்கு மூத்தவன்.