பதினெட்டு முடிந்த பிள்ளை

உங்கள் ஸ்டேஷன் டம்ளரில் சோப்பு வாடை அடிக்கிறது, மேடம். தப்பாக நினைக்காதீர்கள், என் மூக்கு அப்படி. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்கப் படுக்கை மாற்றுகிறவள், நாற்றமெல்லாம் பழகியிருக்க வேண்டும். எனக்குப் பழகவே இல்லை.

என் வீட்டுக்காரர் வேறொருத்தியோடு போனபோது மகன் சின்னப் பிள்ளை. அவனுக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னது கோர்ட். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரே நேரில் கொண்டுவந்து தருவார். டீ குடிப்பார், பிள்ளையின் படிப்பை விசாரிப்பார், கிளம்பிவிடுவார். சட்டையில் அவள் வாங்கிக் கொடுத்த சென்ட் வாடை. எனக்குக் குமட்டும். ஆனாலும் அவர் உட்கார்ந்த நாற்காலியை மறுநாள் வரை நகர்த்த மாட்டேன்.

ஒரு ஞாயிறு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருஷம் இவனுக்குப் பதினெட்டு முடியுது. கோர்ட் உத்தரவும் அதோட சரி. அப்புறம் நான் இங்க வர வேண்டியதில்ல." அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். "பதினெட்டோட நின்னுடும்மா. பிள்ளை உடம்புக்கு முடியாம, சொந்தமா பொழைக்க வழியில்லாம இருந்தா மட்டும்தான் தொடரும். உங்க பையன்தான் ஜம்முனு இருக்கானே!" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெரியவராவது சும்மா தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தால், தூக்க மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்துவிடுவோம். அப்புறம் அவர் இருக்கிற இடம் தெரியாது. அதே மாத்திரைதான். எடுத்த எடுப்பில் நிறையக் கொடுக்கவில்லை, நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல.

"தலை கனமா இருக்கும்மா. எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்பான்.

"வளர்ற வயசு கண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்பேன்.

படிப்பு நின்றது. நடை தள்ளாடியது. டாக்டர்கள் ஏதேதோ பெயர் சொன்னார்கள், கோர்ட் ஜீவனாம்சத்தை நீட்டித்தது. அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எத்தனையோ வருடம் கழித்துப் பிடித்த கை.

பிறகு பிள்ளைக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. படுக்கையிலேயே எல்லாம். பெற்றவளே சொல்லக் கூடாது, எனக்கு அவனைத் தொடவே கூசியது. கையுறை போட்டுக்கொண்டுதான் ஊட்டினேன். அவரும் ஒருநாள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "இனிமே பேங்க்ல போட்டுடறேன்" என்றார். அதோடு வரவில்லை.

அவரே வராதபோது ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நிறுத்தினால் இவனும் எழுந்து போய்விடுவானே மேடம்.

காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்ததுதான் வினையாகப் போயிற்று. வீட்டுச் சாப்பாடு கூடாது என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். ரத்தத்தில் மாத்திரை இருப்பதைக் கண்டுபிடித்து உங்களுக்கும் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தானாம். நர்ஸைக் கூப்பிட்டு, வார்த்தை குழறாமல், "எங்கம்மாவ உள்ள விடாதீங்க" என்றானாம்.

ஆமாம், கொடுத்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பெற்றவளைப் பற்றி அப்படிப் பேசுகிற பிள்ளை இல்லை அவன். அந்த ஆஸ்பத்திரியில் அவனுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள், மேடம்.