தக்காளிக்கு நாவூறு

தக்காளிக் கன்றுக்கு உச்சி வெய்யிலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இலை அவிந்துவிடும். விடியக்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு, அடியில் மட்டும், மெதுவாக. இதை முதலே சொல்லிவிடுகிறேன் சேர். நான் தோட்டம் தெரியாதவன் என்று பிறகு ஒருவரும் சொல்லக் கூடாது.

நான் பொலிசுக்கு வந்தது அன்னபாக்கியம் அன்ரியைப் பற்றி ஒரு என்ட்ரி போட. அவர் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடிக்கு ஏறக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் அவருடைய புருஷன், செத்துப்போன வரதராசா அங்கிளின் கதையைச் சொல்லாமல் இது உங்களுக்கு விளங்காது. இல்லை சேர், கதிரையில் இருக்கச் சொல்லாதீர்கள். இருந்தால் எனக்குக் கால் ஆடும், மேசையும் சேர்ந்து ஆடும், உங்கள் எழுத்துக் கோணும்.

எல்லாம் லண்டனில் தொடங்கியது. என் அக்கா மயூரி பங்குனியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டார். ஜன்னலோரத்தில் வரிசையாகக் கன்றுகள். ‘ஸ்பிரிங் வந்திட்டுது, நாங்கள் தோட்டம் வைக்கிறம்.’ இங்கே வெள்ளவத்தையில் ஸ்பிரிங் கிடையாது. வெய்யில், அதைவிட வெய்யில், வெள்ளம், இவ்வளவும்தான். அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீயும் இருக்கிறாய். கிற்றார், ஜேர்மன் வகுப்பு, மீன்தொட்டி. ஒண்டையாவது முடிச்சனியே? காலில சில்லுப் பூட்டின பிள்ளை.”

மீன்தொட்டியைச் சேர்த்தது அநியாயம். மீன்கள் நித்திரையா என்று பார்க்க நான் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்ததால்தான் அவை செத்தன என்பது அம்மாவின் அபிப்பிராயம் மட்டும்.

கம்பஸ் ஸ்ட்ரைக்கில் மூடிக்கிடந்தது. அடுத்த நாளே புறக்கோட்டைக்குப் போனேன். தக்காளி, கத்தரி, மிளகாய் என்று ஒரு பெட்டிக் கன்று. நல்ல சாதி என்று நடைபாதைக்காரன் சிங்களத்தில் சத்தியம் பண்ணினான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, பழைய பெயின்ற் வாளிகளில் ஓட்டை போட்டு, மொட்டைமாடியில் நட்டேன். ஒரேயொரு தக்காளியை அம்மாவின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். வேறு ஆசை இல்லை. ஒரு தக்காளி.

நான் பார்த்ததுபோல் ஒரு தாயும் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டாள். காலை ஏறுவேன், மத்தியானம் ஏறுவேன், தேத்தண்ணி ஆறுமுன் இன்னொருக்கால் ஏறுவேன். வேர் பிடித்துவிட்டதா என்று ஒவ்வொரு கன்றாக மெல்லக் கிளப்பிப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் பழையபடி வைத்து மண்ணை அமத்திவிடுவேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

வரதராசா அங்கிள் நாலாம் மாடி. வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாளிகளைச் சுற்றி வருவார், கோயில் வீதி சுற்றுவதுபோல.

“தம்பி, உம்மட கத்தரி பால் குடிச்ச பிள்ளை மாதிரியெல்லோ நிக்குது.”

அடுத்த நாள் அந்தக் கத்தரி தலை சாய்த்தது. பிறகு மிளகாயைப் புகழ்ந்தார். அது சுருண்டது.

எனக்கு நாவூறு கண்ணூறில் நம்பிக்கை இல்லை சேர். நான் புள்ளிவிபரவியல் படிக்கிறவன். ஆனால் நம்பிக்கை வேறு, தரவு வேறு. அவர் புகழ்ந்த கன்றெல்லாம் செத்தது. அவர் புகழாமல் விட்டது ஒரேயொரு தக்காளிக் கன்று, ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அது என் பிழையல்ல.

செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி எரித்தேன். எங்கள் மூன்றாம் மாடி முழுக்க இருமியது. கமறினால் நாவூறு இல்லை என்று அம்மா சொன்னார். செத்தல் புதுசு, அதனால் கமறியிருக்கும்.

அங்கிளிடமும் மரியாதையாகவே கேட்டேன். “அங்கிள், பாருங்கோ, வேண்டாமெண்டேல்லை. ஆனா வாயால ஒண்டும் சொல்லாதேங்கோ.”

சிரித்தார். “நீர் அதுகளைச் சும்மா விடும் காணும். எந்த நேரமும் இழுத்து இழுத்துப் பார்த்தா வேர் எப்பிடி ஓடும்?”

பேச்சை மாற்றுகிற மனிதரோடு என்ன கதைப்பது.

சித்திரை வருசப்பிறப்பு. தொடர்மாடியில் பாதிப்பேர் யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். அம்மா கோயிலில். அன்ரி கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டில். மிஞ்சியிருந்தது ஒரு தக்காளி. அன்று காலைதான் அது முதல் பூ விட்டிருந்தது. அங்கிள், காலையில் தலையில் வைத்துக் குளித்த மருத்துநீரின் மிச்சத்தைப் போத்தலில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். நானும் போனேன். செடியின் தலையில் சொட்டுச் சொட்டாக விட்டார். “பயிருக்கும் வருசம் பிறக்கத்தானே வேணும்.” பிறகு குனிந்து பூவைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“ராசாத்தி மாதிரி இருக்கிறாள்.”

நான் படிப்பக்கம் வந்து கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். கொண்டி தானாக விழுந்து இறுகிவிட்டது என்று தொடர்மாடிக் கமிற்றி முடிவு கட்டியிருக்கிறது. அது தவறு. முதல்நாள்தான் நான் அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

முதலில் சும்மா தட்டினார். “தம்பி மிதுஷன், கதவு சாத்துப்பட்டுப் போச்சு.” பிறகு, கனநேரம் கழித்து, குரல் வேறுமாதிரி. “நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு அப்பன். குளிசை கீழ மேசையில. போனும் அங்கதான். ஒருக்கா ஓடும்.”

“ஓம் அங்கிள், திறப்பு எடுத்துக்கொண்டு வாறன்” என்றேன். அந்தக் கதவுக்குப் பூட்டும் கிடையாது, திறப்பும் கிடையாது.

காலி வீதி முழுக்க வெடி கொளுத்தினார்கள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான்கு மாடியும் ஏறி இறங்கினேன். கடற்கரைத் தண்டவாளம்வரை போய் வந்தேன். ஒரு முறுக்கைக் கடித்தேன், அதையும் முடிக்கவில்லை. பின்னேரம் கொண்டியை விலக்கினேன். அங்கிள் வாளிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தார். தன்னுடைய புதுச் சால்வையைச் செடிக்கு மேலே நிழலாகக் கட்டியிருந்தார். தக்காளிக்கு வெய்யில் வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவிழ்த்து எடுத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

பேனையை ஏன் வைத்துவிட்டீர்கள் சேர். நான் இன்னும் விஷயத்துக்கு வரவில்லை.

செத்தவீட்டில் கதிரை தூக்கியது நான். எட்டுச் சடங்குக்கு மரக்கறி வாங்கியது நான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அன்ரிக்காக ஓடித் திரிந்ததில் வேரைப் பார்க்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் செடி மளமளவென்று வளர்ந்து காய்த்தது. அங்கிள் இல்லை, செடி செழித்தது. தரவு தெளிவு. மனம் ஆறி, போன கிழமையிலிருந்து மறுபடி என் வழக்கமான பராமரிப்பைத் தொடங்கினேன்.

இப்போது அன்ரி ஏறி வருகிறார். அங்கிள் ஆசைப்பட்ட செடி என்று சொல்லிச் செம்பில் தண்ணீர் கொண்டுவருகிறார். நேற்றுக் காயைத் தொட்டுக்கொண்டு அழுதார். “எவ்வளவு வடிவாக் காய்ச்சிருக்கு தம்பி. அவர் பார்க்கக் குடுத்து வைக்கேல்லை.”

இன்று காலை செடி தலை சாய்ந்து நிற்கிறது. உடனே கிளப்பிப் பார்த்தேன். வேரில் ஒரு குறையும் இல்லை.

அன்ரி நல்ல மனுஷி சேர். அவரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதனால்தான் இந்தமுறை முதலில் உங்களிடம் வந்தேன்.