அம்புக்குறி எந்தப் பக்கம்

டோரீன்: ...எண்ணிட்டியா?

வென்டல்: எத?

டோரீன்: விரல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்து இருந்துதுன்னு நாளைக்கு நான் சாட்சி சொல்லணும்ல.

வென்டல்: முப்பது வருஷமா இந்த கராஜ்ல இந்த ரம்பத்தோட குடித்தனம் பண்றேன். அது என்னைக் கடிச்சதே இல்ல. உன்ன மாதிரியா?

டோரீன்: அது பேசாது, அதான். கராஜ் கதவப் பாதி இறக்கு, பனிக்காத்து உள்ள வருது. ப்ளேடு மூடிய ஏன் கழட்டின?

வென்டல்: காடி வெட்டற டேடோ ப்ளேடு போட்டா மூடி நிக்காது. பின்னாடி இருக்கிற கத்தியும் நிக்காது. ரம்பத்தோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு, நீதான் படிக்கிறவளாச்சே.

டோரீன்: படிச்சேன். "கையைக் கிட்ட கொண்டுபோகாதே"ன்னு ஆறு தடவ போட்டிருக்கான். உன்னத் தெரிஞ்சவன் எழுதியிருக்கான் போல.

வென்டல்: தள்ளு கட்டை கைல இருக்கு, மகாராணி. இந்தா, ஓரத்து ப்ளேடு ரெண்டு. நடுவுல சின்ன ப்ளேடு... ஒண்ணு... ரெண்டு. பல்லு பல்லோட இடிக்காம வை.

டோரீன்: மூணு வைக்க வேண்டாமா? அலமாரித் தட்டு முக்கால் அங்குலம்ல?

வென்டல்: முக்கால்னு சொல்லி விக்கிறான். ப்ளைவுட் என்னைக்கு முக்கால் இருந்துது? மூணு வச்சா தட்டு சொருகற காடி தொளதொளன்னு ஆயிடும். ரெண்டு வச்சு, நடுவுல அட்டையச் சொருகி சரிபண்ணணும்.

டோரீன்: எந்த அட்டை?

வென்டல்: சீட்டுக்கட்டுல ஒரு சீட்ட வெட்டிட்டேன்.

டோரீன்: சீட்டுக்கட்டு என் பங்குல வந்துதே. சாமான் பிரிச்ச பட்டியல்ல நீயே கையெழுத்துப் போட்ட.

வென்டல்: ஒரு ஜோக்கர்தான்.

டோரீன்: அது உன் பங்கு. சரி, வச்சுக்க.

வென்டல்: நட்ட முறுக்கறேன்... முழுசா ஏறிடுச்சு. இப்ப ஒரு கழிவுத் துண்டுல வெட்டிப் பாக்கலாம். காத மூடிக்க.

டோரீன்: ம்.

வென்டல்: ...பாத்தியா, வெண்ணெய் மாதிரி. சொருகிப் பாக்க ஒரு துண்டு குடு.

டோரீன்: துண்டு எதுக்கு, நீ நேத்து வெட்டி வச்ச தட்டையே எடுக்கறேன். இந்தத் தார்ப்பாய்க்கு அடியிலதான...

வென்டல்: அதத் தொடாத.

டோரீன்: ஏன்?

வென்டல்: தூசு படும்.

டோரீன்: இது கராஜ், வென்டல்.

வென்டல்: அதே ப்ளைவுட்தான் இந்தத் துண்டும். இதுல பாரு... கையால தட்டினா இறங்குது. சுத்தியல் கேக்கல. போதும்.

டோரீன்: அப்ப இன்னிக்கே முடிஞ்சுடும்.

வென்டல்: முடிஞ்சுடும். பசை நாளைக்குக் காஞ்சுடும். சனிக்கிழமை ஹோலிஸ் வண்டி கொண்டு வரான்.

டோரீன்: உன் தம்பி அக்டோபர்லயும் வண்டி கொண்டு வந்தான்.

வென்டல்: புத்தகத்தத் தரையில வைக்க முடியாது, அலமாரி பண்ணிட்டுதான் அந்த வீட்டுக்குப் போவேன்னு சொன்னேன்ல.

டோரீன்: அஞ்சு மாசமா யாருமே இல்லாத வீட்டுக்கு வாடகை கட்டற. பிரியறதுக்கு முன்னாடி மேஜை நாற்காலி செய்யற ஒரே ஆளு அப்பாதான்னு மினியாபொலிஸ்ல உன் பொண்ணு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறா.

வென்டல்: அவ உன்ன மாதிரி. ...அடிப்பக்கம் எது, குறிச்சிட்டியா?

டோரீன்: அம்புக்குறி போட்டிருக்கேன். அம்பு காட்டற பக்கம் அடி. ரெண்டு பக்கப் பலகையிலயும் இருக்கு. நீ போய் சமையலறையிலேர்ந்து காபி ஃபிளாஸ்க எடுத்துட்டு வா, கை விறைச்சுப் போய் ப்ளேடு கிட்ட நிக்காத.

வென்டல்: அக்கறையா?

டோரீன்: ரத்தத்தக் கழுவணுமேன்னு பாக்கறேன்.

வென்டல்: ...இந்தா காபி. என்ன தேய்ச்சுட்டிருந்த?

டோரீன்: மரத்தூள். துடைச்சேன்.

வென்டல்: இன்னும் வெட்டவே இல்லையே, ஏது தூள்?

டோரீன்: கழிவுத் துண்டு வெட்டினல்ல. வேலையப் பாரு, ஐயா.

வென்டல்: சரி. ஒவ்வொரு அளவுக்கும் ரெண்டு பலகையிலயும் சேத்து வெட்டிடறேன். அம்புப் பக்கத்த ரம்பத்தோட கைடு சட்டத்துல ஒட்டி... ஆன் பண்றேன்.

டோரீன்: மெதுவா.

வென்டல்: ...முதல் தட்டு ஆச்சு. ...ரெண்டு. ...ஆச்சு, ஆறு காடி. விரல் பத்து.

டோரீன்: இது ஓடும்போது மட்டும் நாம ரெண்டு பேரும் ஒரே இடத்தப் பாக்கறோம். கவனிச்சியா?

வென்டல்: பேசவும் முடியாது. அதான் நிம்மதி.

டோரீன்: ...ம். அதான்.

வென்டல்: நிமிர்த்திப் பாக்கலாம். நீ இடது பலகையப் பிடி, நான் வலது. வால்நட் மரப்பட்டி ஒட்டின விளிம்பு முன்னாடி வரணும், காடி உள்பக்கம்... ஐயோ.

டோரீன்: என்ன?

வென்டல்: உன்னோட கீழ்க் காடி முழங்கால்ல இருக்கு. என்னோடது இடுப்புல இருக்கு.

டோரீன்: தட்டு சாய்வா வரும். புத்தகம் எல்லாம் ஒரு மூலைக்குச் சறுக்கி வரும். தேட வேண்டாம், நல்லதுதான்.

வென்டல்: இத தலைகீழாத் திருப்பினா... வால்நட் சுவத்துப் பக்கம் போகுது. முன்பின்னாத் திருப்பினா காடி வெளிய போகுது. ரெண்டும் இடது பலகை, டோரீன்.

டோரீன்: அம்பத் தப்பாப் பாத்திருப்ப. வயசாச்சு.

வென்டல்: இருக்கும்.

டோரீன்: அடுத்து என்ன பண்ணுவ?

வென்டல்: புதுசா ஒரு பலகை வாங்கணும். திரும்ப வால்நட் ஒட்டணும். சனிக்கிழமைக்கு ஆகாது. ஹோலிஸுக்கு போன் பண்ணிச் சொல்லணும்.

டோரீன்: சிரிப்பான்.

வென்டல்: சிரிக்கட்டும்.

டோரீன்: ...அடுப்புல கறியும் உருளைக்கிழங்கும் சேத்த ஹாட்டிஷ் இருக்கு. ரெண்டு பேருக்குப் போட்டிருக்கேன். பழக்கம்.

வென்டல்: வரேன். ரம்பத்து ப்ளக்க உருவிக்கறேன்.

டோரீன்: வென்டல்.

வென்டல்: ம்?

டோரீன்: நீ தப்பாப் பாக்கல. வலது பலகையில அம்ப அழிச்சு, மாத்திப் போட்டது நான்தான்.

வென்டல்: தெரியும். சமையலறை ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். தெரிஞ்சுதான் வெட்டினேன். ...அந்தத் தார்ப்பாய இப்பத் தூக்கிப் பாரு. மூணு தட்டும் மூணு நீளம். நேத்தே அப்படித்தான் வெட்டி வச்சேன்.