பதினெட்டு ஏனத்து மண்

— கிட்ட வராத தாயி. இன்னும் கொஞ்சம் ஊறட்டும். காயாம இருந்தாத்தான் பயமில்ல.

— மதினி, அது வெடிமருந்து இல்ல. என் மண்ணு.

— மண்ணா?

— நாளைக்குத் திருநெல்வேலியில மெஷின்ல கொடுத்துப் பார்க்கக் கொண்டாந்த மண்ணு. தென்துருவத்துல, பனிக்கு நடுவுல கிடக்கிற ஏரிக்கு அடியில இருந்து எடுத்தது. செவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிற போட்டோ அனுப்புனேன்ல, அந்த ஏரிதான்.

— முருகா. அம்புட்டுத் தூரம் போயி மண்ணையா செமந்துக்கிட்டு வந்த?

— 'தொடாதீங்க'ன்னு பை மேல எழுதியே வச்சிருந்தேனே மதினி.

— வெள்ளிக்கிழமைன்னு சாமி அலமாரியைத் துடைச்சேன். நீதான் வீட்டுலயே குளுமையான இடம்னு அங்கன வச்ச. தூக்கி நகட்டுனேன், நழுவிருச்சு. ஒரு கவர் கிழிஞ்சு சாம்பல் நிறத்துல பொடி கொட்டுது. விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, அரையடி கூட இருக்காது. நான் என்ன செய்ய? முதல்ல விளக்கைக் குளிர வச்சேன். அப்புறம் பையில இருந்த அம்புட்டையும் நனைச்சேன்.

— கவருக்குக் கவர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததே. படிக்கலயா?

— இங்கிலீசுல ரெண்டு எழுத்து, பக்கத்துல ஒரு நம்பர். எங்க பட்டாசுக் கம்பெனிக்கு வர்ற மருந்து மூட்டையிலயும் அதேதான் இருக்கும். பேர் தெரியாத பொடியைக் கண்டா நனைச்சுப்போட்டுத்தான் யாருதுன்னு கேக்கணும். எங்க கருப்பணன் சித்தப்பா முதல்ல கேட்டுக்கிட்டு நின்னாரு. இன்னைக்கு வரைக்கும் அவருக்கு இடது காது கிடையாது.

— எட்டு மாசம் மதினி. அந்த மெஷின்ல ஒரு நாள் கிடைக்க எட்டு மாசம் காத்துக்கிட்டு இருந்தேன். இந்த மண்ணுல மிச்சம் இருந்ததே இதுதான்.

— திட்டிரு தாயி. மனசுல வச்சுக்காத.

— திட்டலை. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எல்லாத்தையும் ஒரே வாளியிலயா போட்டீக? ஒரே வாளின்னா, இப்பவே எங்க கைடு ஞானசுந்தரி மேடத்துக்குப் போன் போட்டு எல்லாம் போச்சுன்னு சொல்லிருதேன்.

— ஒரே வாளியிலயா? பதினோரு வருசம் மருந்து சலிச்சவகிட்ட வந்து கேக்கிற கேள்வியா இது? எது எதோட சேந்தா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும். ஒரு கவருக்கு ஒரு ஏனம். அடுப்பங்கரைக்கு வந்து பாரு. டம்ளர், கிண்ணம், தூக்குவாளி, இட்லிச் சட்டி, ஒண்ணு விடல. சோறு வடிக்க ஏனம் இல்லாம மத்தியானத்துக்கு ஓட்டல்ல பொட்டலம் வாங்கி வச்சிருக்கேன்.

— மதினி...

— ஏன் அழுற?

— அழலை. தனித்தனியா இருந்தா பொழைச்சுக்கும். என்ன தண்ணி? ஆழ்குழாய்த் தண்ணியா?

— கேன் தண்ணி. கைக்கு எட்டுனது அதுதான். ரெண்டு கேன் காலி.

— நல்லவேளை. ஆழ்குழாய்த் தண்ணியில இருக்கிற உப்பே என் கணக்கைக் கவுத்திருக்கும். அப்ப கவர் எல்லாம் எங்க?

— அந்த வாளியில. ஸ்டிக்கர் உரிஞ்சு மிதக்குது பாரு, பூப்போட்ட மாதிரி.

— ஒண்ணு, ரெண்டு... பதினெட்டு. நம்பர் எல்லாம் இருக்கு. எந்த நம்பர் எந்த ஏனத்துக்குன்னுதான் இல்ல.

— அது அம்புட்டு முக்கியமா? மண்ணு மண்ணுதானே.

— வரிசைதான் மதினி எல்லாமே. ஏரிக்கு அடியில வண்டல் ஒண்ணு மேல ஒண்ணாப் படியும். மேல இருக்கிறது இப்ப உள்ளது. கீழ போகப்போகப் பழசு. ஒரு கவர் மண்ணு ஒரு விரற்கடை, அதுக்கு முந்நூறு வருசம்னு வச்சுக்கோங்க. வெயில் கூடுன காலத்துல பாசி வளந்து, சன்னமாப் பச்சையாப் படியும். பனி இறுகுன காலத்துல பாசி இருக்காது, மணலாப் படியும். பதினெட்டையும் வரிசையா வச்சுப் பார்த்தா, அஞ்சாயிரம் வருசத்துல அங்கன எப்ப உருகுச்சு, எப்ப உறைஞ்சுச்சுன்னு சொல்லிரலாம்.

— சொல்லி? நம்ம கண்மாய்க்குத் தண்ணி வந்துருமா?

— வராது. இப்ப உருகுறது முன்னமே ஒரு தடவை நடந்ததா, இல்ல புதுசான்னு தெரியும். காய்ச்சல் வந்தா டாக்டர் எத்தனை நாளா இருக்குன்னு கேக்கமாட்டாரா, அந்த மாதிரி.

— சரி, அப்ப உக்காரு. எந்த அடுக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதி வச்சிருப்பேல்ல?

— இருக்கு. ஏரியிலயே, எடுத்த உடனே எழுதுனது. ஒவ்வொரு அடுக்கும் என்ன நிறம், எம்புட்டுச் சன்னம்னு நோட்டுல இருக்கு. ஆனா ஈரத்துல எல்லாம் ஒரே கருப்பாத் தெரியுதே. சன்னத்தை அளக்க மெஷின் வேணும்.

— மெஷினை விடு. நான் கையை வைக்கலாமா?

— கையுறை தர்றேன்.

— உறை போட்டா விரலுக்குக் கண்ணு தெரியாது. சோப்புப் போட்டு மூணு தடவை கழுவிட்டேன், இந்தா மோந்து பாரு.

— வேண்டாம், நம்புறேன். ஒரு சிட்டிகைதான் எடுக்கணும். எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது.

— ம். இந்தத் தூக்குவாளியில இருக்கிறது ரவை. அந்தக் கிண்ணம் மைதா. இது ரெண்டுக்கும் நடுவுல, ஆனா ஊடால ஊடால பருமணல் நெருடுது. பசங்க தப்பாச் சலிச்சா இப்படித்தான் வரும்.

— பருமணல் நெருடுதா? ஒரு நிமிசம்... பத்தாவது. 'சன்னத்துக்கு இடையில பருமணல்'. மதினி, அது பத்தாவது.

— ஒட்டு ஸ்டிக்கரை.

— ஒட்டமாட்டேன். கண்ணை மூடுங்க. நான் இடம் மாத்தி மாத்தித் தர்றேன். திரும்பவும் அதே பதில் வருதான்னு பார்க்கணும்.

— எங்க ஃபோர்மேன் அய்யப்பன் கூட என்னை இப்படிப் பரீட்சை வச்சதில்ல. தா.

— இது?

— ரவை. மொதல்ல தூக்குவாளியில இருந்தது.

— இது?

— மைதா.

— இது?

— அதே மைதாதான். என்னை ஏமாத்தப் பாக்குற.

— ஏமாத்தல. சோதிச்சேன். சரி, அடுத்தது.

— இதுல நார் நாரா என்னமோ விரல்ல சுத்துது.

— பாசி. காஞ்சு போயிருந்தது தண்ணி பட்டதும் விரிஞ்சிருக்கு. அது ஒண்ணாவது, இன்னைக்கு உள்ள மண்ணு. பார்த்துப் பதமா வைங்க.

— அங்கனயும் உசுரு இருக்கா? அந்தக் குளிர்லயா?

— பத்து மாசம் ஐஸுக்கு அடியில இருட்டுல கிடக்கும். ரெண்டு மாசம் வெளிச்சம் வந்தாப் பச்சை பிடிச்சிரும்.

— கடவுள் யாரையும் விட்டுரமாட்டான் தாயி. எந்த மூலையில கிடந்தாலும் ரெண்டு மாசம் குடுத்திருக்கான் பாரு. அடுத்ததை எடு.

— மணி நாலாச்சு. நீங்க இன்னும் சாப்பிடல.

— நீ சாப்பிட்டியா? பேசாம எழுது. எத்தனை முடிஞ்சது?

— பதினாறு. பதினொண்ணும் பன்னெண்டும்தான் பாக்கி. இந்த டம்ளரும் இந்தச் சட்டியும்.

— ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. நாலு தடவை பாத்துட்டேன்.

— நோட்டுலயும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கு. டம்ளரைப் பதினொண்ணுன்னு வச்சிக்கிருவோமா மதினி? ரெண்டுல ஒண்ணுதானே. பக்கத்துப் பக்கத்து அடுக்கு. யாருக்குத் தெரியப் போகுது.

— உனக்குத் தெரியும்ல.

— அதை விட்டுட்டா கணக்குல நடுவுல அறுநூறு வருசம் ஓட்டையா நிக்கும்.

— நிக்கட்டும். சல்லடையில சந்தேகம் வந்தா அந்த லோடையே ஒதுக்கி வச்சிருவோம். நான் சலிச்சதுல ஒரு தடவை கூட தீப்பிடிச்சு யாரும் வெந்ததில்லன்னா அதுக்கு விரல் காரணமில்ல, அந்த ஒதுக்கல்தான். தெரியாததைத் தெரியாதுன்னு எழுது. உன் மேடம் கோவிச்சாக்கூட ஒரு நாள்தான் கோவிப்பாக.

— ரெண்டையும் சேத்து ஒரே அடுக்குன்னு எழுதுறேன். எப்படி நனைஞ்சுச்சு, எப்படிப் பிரிச்சோம், யாரு விரல் வச்சு, எத்தனை தடவை சோதிச்சோம், எல்லாத்தையும் எழுதுறேன். படிச்சுட்டு வேண்டாம்னு சொன்னாலும் சொல்லட்டும்.

— என் பேரையும் எழுது. நனைச்சவ முத்துச்செல்வின்னு.

— பிரிச்சவுகன்னும் எழுதுவேன்.

— சிரிச்சிட்ட. இது போதும் எனக்கு. காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு எப்படிக் கொண்டு போவ?

— தண்ணியை மேலாக வடிச்சுட்டு, மண்ணை மூடி போட்ட டப்பாவுல தனித்தனியாப் போடணும். பதினெட்டு டப்பா வேணும்.

— எதிர்வீட்டு வள்ளித்தாய்கிட்ட கேட்டா முப்பது தருவா. பலகாரம் போட்டு விக்கிறவ. நம்ம பாப்பா ஹர்ஷினியும் அங்கனதான் விளையாடிக்கிட்டு இருக்கா. வா, வடிப்போம். எங்கன இருந்து ஆரம்பிக்க?

— அந்த ஓரத்துல இருக்கே, ஹர்ஷினி பால் குடிக்கிற கிண்ணம், அதை நாம பார்க்கவே இல்லயே.

— அதுவா? அது கடைசியா நனைச்சது. பைக்கு அடியில கிடந்துச்சு.

— மதினி, என் கவர் பதினெட்டு. ஸ்டிக்கரும் பதினெட்டு.

— கூட ஒண்ணு எடுத்திருப்ப.

— எடுக்கல. ரயில் ஏறுறதுக்கு முன்னாடியும் எண்ணுனேன். நேத்து ராத்திரி அலமாரியில வைக்கிறப்பவும் எண்ணுனேன்.

— நானும் அப்பவே நெனச்சேன், எல்லாம் பளபளன்னு கவர்ல இருக்கு, இது மட்டும் ஏன் பழைய பேப்பர்ல மடிச்சிருக்குன்னு. இங்க தா.

— பார்த்து. நிறமே வேறயா இருக்கு. தண்ணி மேல வெள்ளியாட்டம் மினுங்குது.

— ம்.

— என்ன மதினி? ரவையா, மைதாவா?

— ஜன்னலைத் திற தாயி. கேஸ் வால்வை மூடு. அப்புறம் போயி ஹர்ஷினியை வள்ளித்தாய் வீட்டுலயே இருக்கச் சொல்லு.

— சொல்லுங்க மதினி, பயமா இருக்கு.

— இது உன் மண்ணு இல்ல. நான் பதினோரு வருசம் சலிச்ச வெடிமருந்து. இதுல உள்ள அலுமினியப் பொடி மட்டும் தண்ணி பட்டாலே சூடேறி வாயு விடும்.

— நம்ம வீட்டுலயா? யாரு கொண்டாந்து...

— காலையில வேலைக்குப் போறப்ப உங்கண்ணன் மூணு தடவை திரும்பி வந்து, 'சுகிர்தா பையை மட்டும் தொட்டுறாத, ஜாக்கிரதை'ன்னு சொல்லிட்டுப் போனாக. தங்கச்சி மேல எம்புட்டுப் பாசம்னு நெனச்சேன்.