எட்டாவது தடத்தில் ஓரின்ஷா

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஒலிப்பதிவு நிலைய இயக்குநர் அவர்களே, அல்மாட்டியின் இசைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓரின்ஷா அக்காவின் மகள் ஜனார், எல்லோருக்கும் இரண்டு நரம்பு வாத்தியமான தொம்ப்ரா வாசிக்கும் மிர்ஸாபெக்கின் வணக்கம்.

ஒலிப்பதிவுப் பொறியாளர் ஓரின்ஷா அவர்களை அடக்கம் செய்த அன்று, இமாம் வழக்கம்போலக் கேட்டார்: "இவர் எப்படிப்பட்டவர்?" "நல்லவர்" என்றோம். நாலு பேர் முன்னால் அவரைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். நாற்பத்தாறு வருடத்தில் முதல் முறை.

'மஞ்சள் கணவாய்' பாட்டை அறியாதவர் இங்கே உண்டா? இரண்டாம் சரணத்தில் தொம்ப்ரா நின்றுபோய், ஒரு பெண்குரல் வாய்மூடி ஹம்மிங் செய்யும். அதற்காகவே அந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் உண்டு. நான் அதற்கு என்ன பெயர் வைத்தேன் தெரியுமா? கொசு. "என் வாசிப்ப வெட்டிட்டு கொசுவ விட்டுட்டா அந்தம்மா" என்று மேடைக்கு மேடை சொன்னேன். கச்சேரிகளில் அந்த இடம் வந்தால் வீம்புக்கு ஓங்கி வாசித்தேன். அதோடு விட்டேனா? புகார் எழுதினேன். இரண்டு வருடம் அவரை இசைப் பக்கமே விடாமல் வானிலை அறிக்கை பதிவுசெய்ய வைத்தார்கள்.

சென்ற வசந்தத்தில், மறுவெளியீட்டுக்காக ஜனார் அந்தப் பழைய நாடாவின் எட்டுத் தடங்களையும் தனித்தனியாகப் பிரித்தாள். "மாமா, உங்க தொம்ப்ராவ மட்டும் கேக்கறீங்களா?" என்றாள். இத்தனை வருடம் கழித்து நியாயம் கிடைக்கப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் சரணம் அருமை. இரண்டாவதில் சுருதி இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. பதிவன்று காலையில்தான் தொம்ப்ராவுக்குப் புது நரம்பு, மீன்பிடிக்கும் நைலான் இழை, மாட்டியிருந்தேன், பளபளவென்று இருக்கட்டுமே என்று. புது நரம்பை ஒரு நாளாவது இழுத்து வைக்காமல் வாசிக்கக் கூடாது என்பது தொம்ப்ராவைத் தொட்ட எவருக்கும் தெரியும். மேளமும் கிடாரும் சேர்ந்த இரைச்சலில் அன்று எனக்கே கேட்கவில்லை.

பிறகு எட்டாவது தடம். ஹம்மிங்குக்கு முன்னால், உதவியாளரிடம் பேசும் ஒரு குரல். ஓரின்ஷா அக்காவின் குரல்.

"புது நரம்பு, எறங்கிருச்சு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, சாயங்காலம் வேற குழு வந்துரும். இவனுக்கு இது மொத ரெக்கார்டு. தெரிஞ்சா குழுவுலேர்ந்து தூக்கிருவாங்க. யார்கிட்டயும் சொல்லாத. ம், ஓட விடு."

அடுத்து, அதே குரலில் அந்த ஹம்மிங்.

அக்கா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"கேட்டுட்டியா தம்பி? செத்துச்சா கொசு?"

"ஏங்க்கா சொல்லல?"

"அப்ப சொன்னா உன் பொழப்பு போயிருக்கும். அப்புறம் சொல்லலாம்னா நீ பெரிய ஆளாயிட்ட."

அவர் காதருகே குனிந்து மன்னிப்புக் கேட்டு அழுதேன். என் தலையைத் தள்ளிவிட்டார்.

"திட்டினது ஊரறிய. மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா?"

இதோ ஊர் கூடியிருக்கிறது, அக்கா. இறங்கியது என் நரம்பு. பொய் சொன்னது என் வாய். வானிலை அறிக்கைக்கு உங்களை அனுப்பியது என் கை. இத்தனை பேர் முன்னாலும் கேட்கிறேன், என்னை மன்னியுங்கள்.

புதிய இசைத்தட்டில் "குரல்: ஓரின்ஷா" என்று போடப்போகிறார்கள். என் பங்குக்கு நான் ஒன்று செய்வேன். இனி எந்த மேடையில் இந்தப் பாட்டை வாசித்தாலும், இரண்டாம் சரணத்தில் நரம்பிலிருந்து கையை எடுத்துவிடுவேன். கிழவனுக்கு மறந்துபோயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.