ஸ்டோர் கீப்பரின் கடிதம்

சனிக்கிழமைப் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களுக்கு இரண்டு மணிக்கு மேல் கண் சொருகும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாரம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு விடுமுறை நாளில் வந்து உட்காருகிறவர்களிடம் வரி ரசீதையும் வருகைப் பதிவேட்டையும் நீட்டினால் யாருக்குத்தான் தூக்கம் வராது?

பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழைய கடிதம், பதிவேடு, புகைப்படம் என்று அசல் ஆவணங்களைக் கொண்டு வரலாறு நடத்தக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஓர் அறக்கட்டளை நிதி தருகிறது. ஆறாம் ஆண்டில் அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்: வகுப்பறையில் மாற்றம் தெரியாவிட்டால் நிதி நின்றுவிடும். பிள்ளைகள் விழுந்தடித்துப் படிக்கும்படி ஓர் ஆவணம் தேவைப்பட்டது.

எங்கள் ஊர் ஆலையில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வேலைநிறுத்தம் நடந்தது. கிடங்கில் ரகசியமாகக் கூடிய தொழிலாளர்களைப் போலீஸ் வளைத்துச் சுட்டது. ஏழு பேர் செத்தார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. நான் பயிற்சியில் நகலெடுத்துக் கொடுத்த கடிதம் அதைச் சொன்னது. கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் முதலாளிக்குத் தெரிவிக்கும் நாலு வரி. கீழே பெயர் இல்லை. 'ஸ்டோர் கீப்பர்' என்று மட்டும் இருந்தது.

அன்று ஒருவரும் தூங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் அதைத் தன் பள்ளிக்கு எடுத்துப்போனார். கெட்டிக்காரப் பெண். அவருடைய பிள்ளைகள் ஆலையின் சம்பளப் பட்டியலைத் தேடிப்பிடித்து, அந்த வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார்கள். அறிக்கையில் இதற்கு மூன்று பக்கம் ஒதுக்கினேன். நிதி நீடித்தது.

பள்ளியில் தெரிந்தது வீட்டுக்குப் போனது, வீட்டிலிருந்து தெருவுக்கு. அவர் வீட்டுச் சுவரில் தாரால் 'துரோகி' என்று எழுதினார்கள். மளிகைக் கடையில் சாமான் தர மறுத்தார்கள்.

ஆசிரியை என்னைத் தேடி வந்தார். "சார், அந்தப் பெரியவர் வகுப்பு வாசல்ல நின்னு அழுறாரு. 'செத்த ஏழு பேர்ல ஒருத்தன் என் கூடப் பொறந்த தம்பிம்மா, நானா அவனைக் காட்டிக்கொடுப்பேன்'னு கேக்கறாரு. அசல் கடிதம் எங்க சார் இருக்கு? நான் ஒரு தடவை பாக்கணும்."

"காப்பகத்துல இருக்கும்மா. அனுமதி கிடைக்க ரெண்டு மாசம் ஆகும்," என்றேன்.

அசல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. பழைய நோட்டிலிருந்து கிழித்த தாள். தேயிலைத் தண்ணீரில் நனைத்து வெயிலில் காயவைத்தேன். எழுத்து என்னுடையது. ஏதாவது ஒரு பதவியைப் போட வேண்டியிருந்தது. ஆம், அவர் யாரென்று எனக்குத் தெரியும். முந்தைய ஆண்டு அவருடைய டைரிகளைக் கேட்டு இரண்டு முறை போயிருந்தேன். "செத்தவங்களை வச்சுப் பொழைக்கிற பொழப்பு வேணாம் தம்பி," என்று கதவைச் சாத்தினார். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆசிரியை வந்துபோன பதினோராம் நாள் பெரியவர் தூக்குப் போட்டுக்கொண்டார். மகள்தான் கயிற்றை அறுத்து இறக்கினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். அந்த வாரம் அறக்கட்டளையினர் பயிற்சியைப் பார்வையிட வந்திருந்தார்கள். பள்ளி விசாரணை வைத்தபோது, அந்தக் கடிதம் எங்களுடையதல்ல, ஆசிரியையே கொண்டுவந்தது என்று எழுதிக்கொடுத்தேன். கூடப் பயின்ற நாற்பது பேரும் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய சான்றிதழ் என் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆசிரியைக்கு வேலை போனது.

நகலிலும் தாளின் ஓரத்தில் நோட்டை அச்சிட்ட அச்சகத்தின் தொலைபேசி எண் விழுந்திருப்பதையும், அந்தக் காலத்தில் அத்தனை இலக்கம் கிடையாது என்பதையும் அவர்தான் உங்களுக்குக் காட்டினாராம். என்னிடம் கற்றது வீண்போகவில்லை.

எல்லாம் நான் செய்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சரிபார்க்காத ஒரு தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது அந்த ஆசிரியைதான். அடுத்த பயிற்சியில் எல்லோருக்கும் இதை உதாரணமாகச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.