ஏழாம் எண் சட்டைக்காரியின் அசிஸ்டுகள்

காராமணிப் பயறு எனக்கு ஒத்துக்கொள்ளாது. வயிறு உப்பிக்கொள்ளும். அதனால் என் மனைவி வீட்டில் அதைச் சமைப்பதேயில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஆறு வருடமாக ஒரு பெண் என்னைக் காராமணி தின்னி என்று ஊரறியக் கூப்பிட்டு வந்தாள். உங்கள் விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் ஸுமானா கோனே. எங்கள் தலைநகர் பமாகோவில் புவியியல் ஆசிரியர். கூடைப்பந்து ஆட்டம் இருக்கும் நாட்களில் அரங்கத்தின் புள்ளிவிவர மேசைக்குத் தலைவர். யார் எத்தனை கூடை போட்டாள், யார் யாருக்குப் பந்து கொடுத்தாள் என்று மடிக்கணினியில் ஏற்றி, ஆட்டம் முடிந்ததும் கோப்பைச் சர்வதேசச் சம்மேளனத் தலைமையகத்துக்கு அனுப்புவது என் வேலை. உலகம் அதைத்தான் படிக்கிறது. அந்தப் பெண் நியேலே தெம்பேலே. எங்கள் தேசிய அணியின் ஏழாம் எண், ஆட்டத்தை நடத்துகிறவள். வயது இருபத்தாறு.

உங்கள் விசாரணைக் குழுவில் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து வந்திருப்பதால் சொல்கிறேன். இங்கே கோனே குடும்பத்தாரும் தெம்பேலே குடும்பத்தாரும் கேலி உறவுக்காரர்கள். பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி பேசலாம். அப்படிப் பேசாமல் போனால்தான் மனக்கசப்பு என்று அர்த்தம். நீ என் அடிமை, நீ பயறு தின்னி என்பதெல்லாம் நலம் விசாரிப்பது. வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. கோபப்படக் கூடாது. ஒருவர் மன்னிப்புக் கேட்டால் மற்றவர் மறுக்கவும் கூடாது.

எனக்கு இந்த உறவில் ஊர் முழுக்க ஆட்கள் உண்டு. ஆனால் அவர்கள் கேலியெல்லாம் பழைய சோறு. நியேலே அப்படியில்லை. அணிக்கு வந்த முதல் ஆட்டத்தில், இடைவேளையின்போது மேசைக்கு நேராக வந்து நின்றாள்.

“யோவ் கோனே, நீ இங்க உக்காந்ததுல இருந்து எதிரணிக்காரிங்க இந்த மூலைப் பக்கமே வரமாட்டேங்கறாங்க. பயறைக் கொஞ்சம் கம்மியா தின்னக்கூடாதா?”

மேசையில் எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். நான் வகுப்பில் நுழைந்தால் அறுபது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். வீட்டில் மனைவி என் பெயரைக்கூடச் சொல்லமாட்டாள். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். பதிலுக்கு அவளுடைய அசிஸ்டில் ஒன்றைக் குறைத்தேன்.

கூடை விழுந்தால் விழுந்ததுதான், அதில் யாரும் கை வைக்க முடியாது. அசிஸ்ட் அப்படியல்ல. ஒருத்தி பந்தைக் கொடுத்து, வாங்கியவள் உடனே கூடையில் போட்டால், கொடுத்தவளுக்கு ஓர் அசிஸ்ட். வாங்கியவள் இரண்டு முறை தரையில் தட்டிவிட்டுப் போட்டால்? அதை மேசை முடிவு செய்யும். மேசை என்றால் நான்.

ஆட்டம் முடிந்து நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் புள்ளிவிவரத் தாளைப் பார்த்ததுமே வந்துவிட்டாள்.

“என் பாஸ் எங்கய்யா? கண்ணுல பயத்தந்தோலு ஒட்டிக்கிச்சா?”

“அடிமைங்க மண்டி போட்டுத்தான் கேக்கணும்.”

“உங்க தாத்தாவை எங்க தாத்தா ஒரு சட்டி பயறு குடுத்து வாங்கினாரு. இதுல உனக்கு மண்டி வேறயா? சட்டியையாவது திருப்பிக் குடு.”

இங்கே வழக்கமான மூன்று சுற்றுத் தேநீரும் முடியும்வரை திட்டினாள். நான் தோற்று, எண்ணைத் திருத்தி, புதுத் தாள் அச்சடித்துக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் ஒட்டினாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டோ மூன்றோ குறைப்பேன். வருவாள், திட்டுவாள், திருத்திய தாளை வாங்கிக்கொண்டு போவாள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு சின்ன விஷயம். தாளைத் திருத்தினால் கோப்பையும் மறுபடி அனுப்ப வேண்டும். நான் அனுப்பவில்லை.

முதல் முறை மின்சாரம் போய்விட்டது, அது உண்மை. அதன்பிறகு மின்சாரம் இருந்தது. ஆறு வருடத்தில், இந்த அரங்கத்தில் நடந்த முப்பத்தோரு சர்வதேச ஆட்டங்களில், அவள் வீட்டுச் சுவரில் ஆட்டத்துக்கு ஏழு அசிஸ்ட் கொடுக்கிறவளாக இருந்தாள். உலகத்துக்கு நாலரைச் சொச்சம். அவளோடு ஆடிய இரண்டு பெண்கள் ஐரோப்பிய கிளப்புகளுக்குப் போனார்கள். ஒருநாள் மேசை ஓரமாக உட்கார்ந்து கேட்டாள்.

“ஏன்யா கோனே, என்னை மட்டும் யாருமே கூப்பிடலை?”

அன்று அவள் குரலில் கேலி இல்லை. பயறு சாப்பிட்டுப் பார், கூப்பிடுவார்கள் என்றேன். சிரித்துவிட்டாள். அவளைச் சிரிக்க வைக்க என்னால் முடியும் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி நீங்கள் கேட்கும் வெள்ளிக்கிழமை. மொசாம்பிக்கோடு அரையிறுதி. நியேலே இருபத்தொரு புள்ளி, பதினொரு அசிஸ்ட். அப்படியொரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் ஹங்கேரி கிளப் ஒன்றின் பயிற்சியாளர் அம்மாள் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். நல்ல பாஸ் கொடுக்கும் ஆளைத் தேடி வந்தவர். நான் நான்கு அசிஸ்ட் என்று அனுப்பினேன். பெரிய ஆட்டத்துக்குப் பெரிய கேலிதானே முறை. நியேலே வந்து அரைமணி நேரம் திட்டினாள். என் ஏழு தலைமுறையையும் பயற்றுச் சட்டியில் போட்டு வேகவைத்தாள். பதினொன்று என்று அச்சடித்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை அந்த அம்மாளிடம் தாளைக் காட்டியிருக்கிறாள். அவர் தன் கைபேசியில் நான்கைக் காட்டினார். எண்ணைத் திருத்திப் பொய்த்தாள் தயாரித்ததாக இவள் மேல் புகார் எழுந்தது. விசாரணை முடியும்வரை ஆடக்கூடாது என்று நீங்கள்தான் தடை போட்டீர்கள்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். நியேலே பக்கத்தில் நின்றாள்.

“கோனே எனக்குச் சொந்தம். என்னைத் திட்டுவாரு, ஏமாத்தமாட்டாரு. அவரு குடுத்த தாளு பொய்யாகாது,” என்று உங்களிடம் சொன்னாள்.

எனக்கு நினைவில்லை என்று நான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தை அவள் சாதாரண உடையில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்று புள்ளியில் தோற்றோம். எங்கள் அணிக்கு மொத்தமே ஒன்பது அசிஸ்ட். அதில் ஒன்றைக்கூடக் குறைக்காமல் எழுதினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை நீங்கள் அரையிறுதியின் வீடியோவைப் போட்டு நீங்களே எண்ணினீர்கள். பதினொன்று வந்தது. ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அரையிறுதி மட்டுமல்ல, முப்பத்தோரு ஆட்டமும். ஏன் என்று கேட்டீர்கள். அவள் ஹங்கேரிக்குப் போய்விட்டால் அங்கே அவளுக்குக் கோனே யார் இருக்கிறார்கள்? அந்த ஊர்க்காரர்களுக்குத் திட்டு வாங்கத் தெரியுமா? ஒரு கேலி உறவுக்காரியைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்றுதான் பார்த்தேன்.

இன்று காலை உங்கள் அறைக்கு வெளியே அவளைச் சந்தித்தேன். அடிமையே, மன்னிப்புக் கேட்கிறேன், மறுக்க உனக்கு உரிமையில்லை என்றேன். அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி நின்றாள்.

“வணக்கம் கோனே ஐயா. மன்னிச்சிட்டேன். வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா? பிள்ளைங்க நல்லா இருக்காங்களா? உங்க உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

ஒரு நலமும் விடாமல் விசாரித்துவிட்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். என்னை இவ்வளவு கேவலப்படுத்தலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திருத்திய பட்டியல் வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஹங்கேரிக்குப் போய்ச் சேர்ந்தால் அவளை எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னீர்கள். இதோ, ஆட்டம் வாரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் அவளிடமிருந்து எடுத்தது எழுபத்து நான்கு. இதில் எழுபத்து மூன்று இருக்கிறது. தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக் கூட்டுவாள், ஒன்று குறையும். அப்புறம் வந்துதானே ஆக வேண்டும்.